கையில் மீந்த மூன்று சீட்டுகள்

மார்ச் 7, வியாழக்கிழமை. காலையில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது பாகை காட்டியது. வடமேற்கிலிருந்து வீசிய காற்று வளைகுடாவின் பனிப்பாளங்களைக் கரைவரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கழுவித் துடைத்த பீங்கானைப்போல அது வெளிறிக் கிடந்தது.

பிளாசிட் வீட்டு உலைகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் தன் லாரியை ஓதிலின் வீட்டுக்கு எதிரே நிறுத்தினான். அவ்வாறு நிறுத்துவதற்கு அவனுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. சென்ற வசந்தத்துக்குப் பின்னர் அந்த வீட்டுக்கு அவன் ஒரு லிட்டர் எண்ணெயும் ஊற்றியதில்லை. அவன் பார்த்தது புகைபோக்கியை. அதன் உச்சியில் பனி ஒரு சாண் உயரத்துக்கு, எவரும் தொடாத தலையணைபோல, உட்கார்ந்திருந்தது. உலை எரியும் வீட்டின் புகைபோக்கியில் பனி தங்காது. ஆகவே அந்த வீட்டின் நிலவறையில் உலை அணைந்தே கிடக்கிறது. நிலவறை குளிர்கிறது. அங்கே மணல் நிரப்பிய நான்கு பெட்டிகளில் அவள் தம்பி காலிக்ஸ்ட் வளர்த்த டாலியாப் பூச்செடியின் கிழங்குகள் உறங்குகின்றன. கிழங்குக்குள் இருப்பது பெரும்பாலும் நீர். நீர் உறைந்தால் கிழங்கு செத்தது.

இதை அவன் அறிவான். அறிந்தும் லாரியைவிட்டு இறங்கவில்லை. சிறிது நேரம் கழித்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் மீன்பிடி ஊராகிய ஷெட்டிகாமில் குடும்பப் பெயர்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். ஆதலால் ஒருவனை அவன் தந்தையின் பெயரோடு சேர்த்தே நாங்கள் சொல்வோம். லூபேனின் பிளாசிட் என்றால் எண்ணெய் லாரிக்காரன்; ஐம்பது வயதைத் தாண்டியவன்; பொய் சொல்லத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன். ஓதில் நண்டு ஆலையில் முப்பது ஆண்டுகள் நின்று நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். அவளுடைய தம்பி காலிக்ஸ்ட் இரண்டு கோடைகளுக்கு முன் இறந்துபோனான். அவன் விட்டுச்சென்றது ஒரு பூ. பத்து ஆண்டுகள் விதைபோட்டு, பொறுக்கி, கழித்து, கடைசியில் வேகவைத்த கல்இறாலின் நிறத்தில், இதழோரம் மட்டும் வெளுத்த ஒரு டாலியாவை அவன் உண்டாக்கினான். அதற்கு 'ஆயரின் மூக்கு' என்று பெயரிட்டான். பங்குத்தந்தை அதற்காக அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்தப் பூவின் கிழங்கை காலிக்ஸ்ட் எவருக்கும் கொடுத்ததில்லை. நண்பனாகிய பிளாசிட் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வசந்தத்துல பாக்கலாம்டா" என்பான். அப்படிப் பல வசந்தங்கள் போயின. உலகத்தில் அந்தப் பூ இப்போது ஓதிலின் நிலவறையில் மட்டுமே இருந்தது.

சென்ற அக்டோபரில் நடந்ததை பிளாசிட் லாரியை ஓட்டிக்கொண்டே மறுபடியும் நினைத்தான். அன்று வழியில் போனவனை ஓதில் சன்னலைத் தட்டி அழைத்தாள்.

"வாடா, லாரிக்காரா. நீ எண்ணெய் விக்கிறவன்தான், ஆனா பொய் சொல்ல மாட்ட. உக்காரு. ஒரு கணக்கு பாக்கணும்."

அவள் சீட்டுக்கட்டை எடுத்தாள். கணக்கைத் தாளில் எழுதினால் அவளுக்குப் பிடிபடாது. கண்ணெதிரே நீளமாகக் கிடந்தால்தான் பிடிபடும்.

"ஒரு சீட்டு நூறு டாலர். இது உன் எண்ணெய்." மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீட்டுகளை அடுக்கினாள். முப்பத்தைந்து சீட்டுகள் ஆயின. "ஒரு குளிர்காலத்துக்கு. பாத்தியா, உன் உலை எப்பேர்ப்பட்ட சாப்பாட்டு ராமன்னு?"

"சாப்பாடு நான்தானேக்கா போட்டேன்."

"அதான் உன்னக் கூப்பிட்டேன். இப்ப இதைப் பாரு. இது ஹீட் பம்ப்பு. மாட்டுறவன் சொன்ன மின்சாரக் கணக்கு." அதற்குக் கீழே இன்னொரு வரிசை போட்டாள். பதினான்கோடு அது நின்றுவிட்டது. "வெளிய குளிருது, அந்தக் குளிர்லேர்ந்தே சூட்டை உறிஞ்சி உள்ள ஊதுமாம். ஏசியத் திருப்பிப் போட்ட மாதிரி. நம்புறியா நீ?"

"நம்பலாம்க்கா. வேலை செய்யும்."

"எண்ணெய்க்காரனே சொல்லிட்டான்!" என்று அவள் மேசையைத் தட்டினாள். பிறகு தன் இடக்கையைப் பார்த்தாள். சீட்டுக்கட்டில் மீந்த மூன்று சீட்டுகள் அங்கே இருந்தன. அவற்றை விசிறிபோல விரித்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "மூணு மிச்சமிருக்கு. இதுல நான் எதையாச்சும் விட்டுட்டேனா? இந்த மூணு எதுக்கு?"

பிளாசிட்டுக்கு அது எதற்கென்று தெரியும். பழைய உலை தன் சூட்டையெல்லாம் மேல்தளத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. கசிந்த சூட்டில் நிலவறையையும் காத்துவந்தது. அந்தக் காவலுக்கு எவரும் விலை போட்டதில்லை. பம்பு வரவேற்பறையைச் சூடாக்கும். நிலவறையைத் திரும்பிப் பாராது. கடுங்குளிர் வாரங்களில் உலையையும் மெல்ல எரியவிட வேண்டும். அதற்கு இருநூறு லிட்டர் போதும், மூன்று சீட்டு. அந்த மூன்றையும் சேர்த்தாலும் பம்பின் வரிசை எண்ணெய் வரிசையில் பாதியைக் கூட எட்டாது.

இவ்வளவும் அவனுக்கு எவ்வாறு தெரியும் என்பதே சிக்கல். அவன் வீட்டின் பின்புறம், மலையைப் பார்த்த சுவரில், கல்இறால் கூண்டுகளை அடுக்கி மறைத்த இடத்தில், ஒரு வெப்பப் பம்பு முந்திய குளிர்காலம் முதலே ஓடிக்கொண்டிருந்தது. அந்த முதல் குளிர்காலத்தில் உலையை அடியோடு அணைத்துவிட்டான். பிப்ரவரியில் நிலவறைக் குழாய் வெடித்து முழங்காலளவு நீர் பனிக்கட்டியாகிவிட்டது. அதை அவனும் அவன் மனைவி ஜெர்மேனும் கோடரியால் வெட்டி வெளியேற்றினார்கள். எண்ணெய் லாரிக்காரன் வீட்டிலேயே எண்ணெய் எரிவதில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? முதலாளி சிரிக்கமாட்டார். ஊர் சிரிக்கும், சிரிப்பை நிறுத்தவும் செய்யாது. நிலவறையைப் பற்றி வாயைத் திறந்தால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ஓதில் கேட்பாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு மணி நேரத்தில் கோயில் மணிக்குத் தெரிந்துவிடும்.

"ஒண்ணுமில்லக்கா. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றான் பிளாசிட்.

அவள் அந்த மூன்று சீட்டுகளைக் கட்டின்மேல் வைத்து மூடினாள். பம்பைப் பொருத்த வந்தவர்கள் நிலவறைக்கு இறங்கி, தண்ணீர்க் குழாயைப் பார்த்து, அதற்குச் சூடேறும் மின்பட்டையைச் சுற்றிவிட்டுப் போனார்கள். குழாயைக் கண்டார்கள், பெட்டிகளைக் காணவில்லை. ஆகையால் ஓதிலின் குழாயில் தண்ணீர் தடையின்றி வந்தது. நிலவறையில் எல்லாம் நலம் என்று அவளும் இருந்தாள். மார்ச் 19இல் வரும் புனித சூசையப்பர் திருநாளுக்கு முன் பெட்டிகளைத் திறக்கக் கூடாது என்பது காலிக்ஸ்டின் கட்டளை. தேய்ந்த முழங்காலோடு செங்குத்துப் படியில் இறங்க அவளுக்கு வேறு காரணமும் இல்லை.

ஜனவரி மென்மையாகக் கழிந்தது. பிப்ரவரியும் பரவாயில்லை. குளிர் வராமலே போய்விடும் என்று பிளாசிட் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். மார்ச் முதல் வாரத்தில் அது வந்தது.

நண்பகல் உணவுக்கு வீடு வந்தவனை ஜெர்மேன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இன்னிக்கும் அங்க போய் நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்."

"எறங்கினியா?"

அவன் கிண்ணத்தில் இருந்த கோழிச்சாற்றைக் கரண்டியால் கலக்கினான்.

"உன் வாயில என்ன, உறைஞ்ச குழாயா?" என்றாள் அவள். "நேத்து ராத்திரிலேர்ந்து நம்ம வீட்டு உலை கீழ ஓடிக்கிட்டிருக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உனக்கு எப்படிய்யா தூக்கம் வருது?"

"வரல."

"அப்பப் போய்ச் சொல்லு."

"இப்பச் சொன்னா, அக்டோபர்ல ஏன் சொல்லலன்னு கேப்பா."

"கேக்கட்டும். கேக்க வேண்டிய கேள்விதானே?"

பிளாசிட் கரண்டியைக் கீழே வைத்தான். "இன்னிக்கு மி-கரேம். சாயங்காலம் எல்லாரும் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போவாங்கல்ல. நானும் போறேன். போய்ச் சொல்லிடுறேன்."

"முகமூடி போட்டுக்கிட்டா?"

"யார் சொன்னாங்கன்னு தெரியாது. விஷயம் மட்டும் போய்ச் சேந்துடும்."

ஜெர்மேன் எழுந்து போய்த் தன் பழைய கம்பளி இரவு உடையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். "கோழைக்கு இதுதான் பொருத்தம். வயித்துல தலகாணி வெச்சுக்க. நான் வரல."

தவக்காலத்தின் நடுவில் நாங்கள் கொண்டாடும் இந்த மி-கரேம் வாரத்தில் வேடமிட்டவனுக்கு எந்த வீட்டிலும் தடை இல்லை. அவன் பேசினால் மூச்சை உள்ளிழுத்துக் குரலை மாற்றிப் பேசுவான். வீட்டார் அவனைக் கிள்ளலாம், முகரலாம், திட்டலாம். யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அவன் முகமூடியைக் கழற்றியாக வேண்டும். அதன்பின் அவனை உட்காரவைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். அவ்வாண்டு வேடக்காரர்களை வரவேற்ற வீடுகளுள் ஓதிலின் வீடும் ஒன்று.

பிளாசிட் இருமுறை குளித்தான். மனைவியின் ரோசாச் சோப்பைத் தேய்த்துக்கொண்டான். தலையணை உறையில் கண்ணுக்கு இரண்டு துளைகள் வெட்டித் தலையில் மாட்டிக்கொண்டான். கைகள் காட்டிக்கொடுக்கும் என்று அடுப்படிக் கையுறைகளை அணிந்தான். பொழுது சாய்ந்ததும் ஓதிலின் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே போனான்.

உள்ளே இதமான சூடு. சுவரின் உச்சியில் வெள்ளைப் பெட்டி ஒன்று ஓசையின்றி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மேசையருகே ஓதிலும், பக்கத்து வீட்டு மீனவரான கிழவர் தெலெஸ்போரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் ரம் புட்டியும் மிட்டாய்த் தட்டும் இருந்தன.

"ஐயையோ, மாசமா இருக்கிற எருமை ஒண்ணு வருது!" என்றார் தெலெஸ்போர்.

"பிரசவத்துக்கு இங்க வந்திருக்கா பாவம்" என்று ஓதில் எழுந்து வந்து தலையணையைக் குத்தினாள். "எத்தனாவது மாசம்டீ?"

பிளாசிட் வழக்கப்படி ஒரு சுற்று ஆடினான். அவர்கள் கைதட்டினார்கள். பின்பு நின்றான். மூச்சை உள்ளிழுத்தான். நான்கு மாதமாக அவன் நெஞ்சில் கிடந்த சொற்கள் ஒரு கோழியின் கீச்சுக்குரலில் வெளிவந்தன.

"ஓ...தில்! கீழ உறையுது! உலையப் போடு! கிழங்கு... கிழங்கு சாகுது!"

தெலெஸ்போர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா ஓதில்! எண்ணெய் கம்பெனிக்காரன் மி-கரேமுக்கும் விளம்பரத்துக்கு ஆள் அனுப்ப ஆரம்பிச்சிட்டான்!"

ஓதிலும் கண்ணில் நீர்வரச் சிரித்தாள். "நான் எண்ணெய நிறுத்தினதுலேர்ந்து அவனுக்குத் தூக்கமே இல்ல போல."

"உலையப் போடு!" என்று அவன் மறுபடியும் கீச்சிட்டான். அவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். வேடக்காரன் எதையும் சொல்லலாம் என்பது எங்கள் வழக்கம். வேடக்காரன் சொல்லை நம்ப வேண்டாம் என்பதும் அதே வழக்கத்தின் மறுபாதி. அதை அவன் மறந்துபோயிருந்தான்.

ஓதில் அவனைச் சுற்றிவந்து முகர்ந்தாள். "மேல ரோசாச் சோப்பு." குனிய முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கால்பக்கம் மூக்கை நீட்டினாள். "அடியில உலை எண்ணெய். பூட்ஸ மாத்த மறந்துட்டியேடா மடையா! லூபேனோட பிளாசிட்!"

அவன் தலையணை உறையைக் கழற்றினான். தெலெஸ்போர் ஆரவாரம் செய்தார். ஓதில் ஒரு கண்ணாடிக் கோப்பையை எடுத்து ரம் புட்டியின் மூடியைத் திருகத் தொடங்கினாள். அப்பொழுது அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கை நின்றது.

"என்னடா?"

"நான் வெளையாடலக்கா. கீழ உறையுது."

"நீ எண்ணெய் விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவ."

"என் வீட்லயும் அந்தப் பம்ப்புதான் ஓடுது."

தெலெஸ்போரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. ஓதில் புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"எங்க? நான் பாத்ததேயில்லையே."

"பின்னாடி. கூண்டு அடுக்கி மறைச்சு வெச்சிருக்கேன். மொத வருஷம் உலைய அணைச்சதுல நிலவறை உறைஞ்சு குழாய் வெடிச்சிடுச்சு."

"மொத வருஷம்னா?"

"போன வருஷம்."

"அப்ப அக்டோபர்ல நான் உன்னக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டப்ப..."

"தெரியும்க்கா."

ஓதில் சமையலறைத் தரையில் விரித்திருந்த பாயைக் காலால் ஒதுக்கினாள். தெலெஸ்போர் நிலவறைக் கதவைத் தூக்கினார். கீழிருந்து வந்த குளிர் மூவர் முகத்திலும் அறைந்தது.

அவள் படியில் பின்புறமாக, ஒவ்வொரு காலாக இறங்கினாள். பிளாசிட் தாங்கக் கைநீட்டியபோது அந்தக் கையை விலக்கினாள். கீழே கருங்கல் சுவரில் பனித்தூள் மயிர்போல முளைத்திருந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் தன் மின்பட்டைக்குள் இதமாகக் கிடந்தது. உலை ஒரு மூலையில் இருண்டு நின்றது.

முதல் பெட்டியின் மணல் கல்லாக இறுகியிருந்தது. பிளாசிட் அதை உடைத்துக் கொடுத்தான். ஓதில் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது குழைந்து, விரலிடுக்கில் கருநீர் வழிந்தது. அடுத்ததும் அவ்வாறே. இரண்டாம் பெட்டியும் அவ்வாறே. மூன்றாம் பெட்டியைத் திறந்தபோது அழுகிய உருளைக்கிழங்கின் நாற்றம் எழுந்தது. அந்தப் பெட்டி முந்திய நாட்களிலேயே ஒருமுறை உறைந்து இளகியிருக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். எதையும் சோதிக்காமல் விடவில்லை. கிழங்குகளை அவள் கீழே போடவில்லை, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் தரையில் வரிசையாக வைத்தாள். அந்த வரிசை சுவர்வரை நீண்டது.

நான்காம் பெட்டி புகைபோக்கியின் அடிக்கல்லை ஒட்டி, உயரத்தில் இருந்தது. அதன் ஓரங்கள் உறைந்திருந்தன. நடுவில் மணல் இன்னும் உதிர்ந்தது. அங்கே இரண்டு கிழங்குகள் அவள் விரலுக்கு வளைந்துகொடுக்கவில்லை. அவள் மறுபடியும் மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.

"உலையப் போடு" என்றாள்.

தொட்டியில் பழைய எண்ணெய் அரையளவு இருந்தது. பிளாசிட் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். உலை ஒருமுறை இருமி, உறுமி, பற்றிக்கொண்டது. அதன் சிறு கண்ணாடித் துளையில் தீ தெரிந்தது. ஒரு பொத்தான். இதற்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"அன்னிக்கு என் கையில மூணு சீட்டு இருந்துச்சு" என்றாள் ஓதில், தீயைப் பார்த்தவாறே. "ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"எதுக்குன்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"அந்த மூணையும் கீழ வெச்சிருந்தாலும் பம்ப்புதானே ஜெயிச்சிருக்கும்?"

"ஆமா."

"அப்ப உனக்கு என்னடா நஷ்டம்?"

ஊர் சிரிக்கும் என்று பயந்தேன் என்னும் விடை அவன் நாக்கின் நுனிவரை வந்தது. வரிசையாகக் கிடந்த கிழங்குகளுக்கு முன்னால் அதைச் சொல்ல அவனால் இயலவில்லை. மனைவியின் இரவு உடையோடு, வயிற்றில் தலையணையோடு, அவன் தலைகுனிந்து நின்றான்.

மேலே ஏறிவந்ததும் ஓதில் இரண்டு கிழங்குகளையும் மேசைமேல் வைத்தாள். ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள்.

"காலிக்ஸ்ட் உனக்கு ஒண்ணு தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்ல? எடுத்துக்க."

"வேணாம்க்கா. எனக்கு எந்த..."

"வேணாம்னு சொல்ற எடத்துல நீ இல்ல. ரெண்டையும் ஒரே வீட்ல வெக்கிற முட்டாள்தனத்தை இனி நான் செய்ய மாட்டேன். உன் வீட்டு நிலவறை உறையாதே. நீதான் பாத்துக்கிட்டியே."

"அது முளைக்குமாக்கா?"

"கிழங்கோட கண்ணு உயிரோட இருந்தா முளைக்கும். மே மாசத்துலதான் தெரியும். அதுவரைக்கும் நீயும் காத்துக்கிட்டு இரு."

அவன் கிழங்கை எடுத்து இரவு உடைக்குள், சட்டைக்கும் உள்ளே, நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அது பனிக்கட்டிபோல் சுட்டது. வெளியே சலங்கையொலியும் சிரிப்பும் கேட்டன. கதவு திறந்து வேடக்காரர் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தது, அவர்களுள் ஒரு கரடி, முகமூடியின்றி நின்ற பிளாசிட்டைக் கண்டு, "அடடா, புடிபட்டுட்டியா! ஊத்துங்க அவனுக்கு!" என்று கீச்சுக்குரலில் கூவியது.

மேசைமேல் கோப்பை காலியாகவே இருந்தது. புட்டியின் மூடி பாதி திருகியபடி நின்றது. ஓதில் அதைத் திருப்பி இறுக்கினாள்; புதிய விருந்தினரை வரவேற்க எழுந்தாள். பிளாசிட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேறினான். அவனுடைய தலையணை உறையை எவரோ நாற்காலியிலிருந்து எடுத்து எறிந்தார்கள். அவன் குனிந்து எடுக்கவில்லை. புகைபோக்கியின் உச்சியிலிருந்து பனி உருகிக் கூரையில் சொட்டத் தொடங்கியபோது மாலை மணி ஏழு ஐம்பத்திரண்டு.